போர்வை பட்டால் எரியும் கால்கள்: ஒரு பொது மருத்துவரின் நரம்பு வலி அனுபவங்கள்

குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 22 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். பீடி சுற்றுகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுமே என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர். நரம்பு வலி என்றால் என்ன என்பதை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் அவர்களுள் ஒருவர். 58 வயதான அந்தப் பெரியம்மாவுக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. மாதம் ஒருமுறை மாத்திரைக்கு வரும்போதெல்லாம் "காலு வலிக்குதும்மா" என்பார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கால் வலிப்பது இயல்புதான் என்று எண்ணி, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எழுதிக்கொடுத்து, மெத்தில்கோபாலமின் என்ற பி12 ஊசியும் ஒன்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்படியே 8 மாதங்கள் போயின. அடுத்த முறை அவருடன் மகளும் வந்தார். "டாக்டரம்மா, ராத்திரி முழுக்க ஈரத்துணியைக் காலில சுத்திக்கிட்டு உட்கார்ந்தே இருக்காங்க. போர்வை பட்டாலே எரியுதுன்னு சொல்றாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவரைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். பஞ்சை எடுத்துப் பாதத்தின் மேல் இலேசாக வருடியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதே பாதத்தின் அடியில் குண்டூசி முனையால் தொட்டபோது அவருக்குத் தெரியவே இல்லை. மெல்லிய தொடுகை வலியாகத் தெரிய, குத்த வேண்டிய ஊசி தெரியாமல் போவது நரம்பு பழுதுபட்டதற்கான தெளிவான அடையாளம் என்று மருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆனால் 8 மாதங்களாக அதைத் தேடிப் பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6 என்று வந்தது. முந்தைய ஆண்டு அது 0.9 ஆக இருந்தது. நான் எழுதிக்கொடுத்தது போதாமல், வலி பொறுக்க முடியாத நாட்களில் கடையிலும் அதே மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார். வலி குறையவில்லை, சிறுநீரகம்தான் பாதிக்கப்பட்டது. அந்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மாலையை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

அடிபட்ட இடத்திலோ வீங்கிய மூட்டிலோ எழும் வலி, நல்ல நரம்பு கொண்டுவரும் உண்மையான செய்தி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபேன் போன்றவை அந்த அழற்சியைத் தணிப்பதால் அவ்வகை வலி அடங்குகிறது. நரம்பு வலியில் பழுது திசுவில் இல்லை. செய்தி கொண்டுவரும் நரம்பிலேயே இருக்கிறது. பாதத்தில் எதுவும் நடக்காதபோதும் பழுதான நரம்பு தானாகவே சமிக்ஞைகளை எழுப்புகிறது. நாளடைவில் தண்டுவடமும் அவற்றைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகிறது. நோயாளிகளிடம் இதை விளக்க நான் மின்கம்பியைத்தான் சொல்வேன். "வீட்டில விளக்கு, விசிறி எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. தெருக் கம்பத்திலேர்ந்து வர்ற கம்பி தோல் உரிஞ்சு வேப்பங்கிளையில உரசுது. அங்கதான் பொறி பறக்குது. வீட்டுக்குள்ள எதை மாத்தினாலும் அது நிக்காது" என்றால், பள்ளிக்கூடம் போகாதவர்களும் புரிந்துகொள்கிறார்கள். வலி மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதும், வேறு வகை மாத்திரை ஏன் வேண்டும் என்பதும் அந்த ஒரே விளக்கத்தில் அடங்கிவிடுகின்றன.

தமிழில் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மக்கள் நரம்பு என்ற ஒரே சொல்லைப் பல பொருள்களில் வழங்குகிறார்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கலை" என்றால் அது இரத்தக்குழாய். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பது காலில் புடைத்த சிரைகளையும் குறிக்கும், கெண்டைக்காலில் ஏறும் தசைப்பிடிப்பையும் குறிக்கும். கையை மடக்கும்போது இழுக்கும் தசைநாணும் நரம்புதான். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருகிற இளைஞர் கைநடுக்கத்தையோ மனக்கலக்கத்தையோ ஆண்மை பற்றிய அச்சத்தையோ சொல்ல வருகிறார். எனவே "நரம்பு வலி" என்று ஒருவர் சொன்னதும் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொள்வதை நான் நிறுத்திவிட்டேன். "நரம்புங்கிற வார்த்தையை விட்டுட்டு, எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறேன்.

அப்படிக் கேட்டால் கிடைக்கும் விடைகளைப் போலத் துல்லியமான கருவி வேறு இல்லை. திகுதிகுவென்று எரிகிறது, மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் இருக்கிறது, எறும்பு ஊர்கிறது, சுருக் சுருக்கென்று குத்துகிறது, ஷாக் அடிக்கிறது, மதமதவென்று இருக்கிறது, மரத்துப் போகிறது, பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறது: இவையெல்லாம் நரம்பின் மொழி. கடுக்கிறது, உளைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கனக்கிறது என்பவை பெரும்பாலும் தசை, மூட்டு, சீழ், இரத்தக்குழாய் ஆகியவற்றின் மொழி. பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட டிஎன்4 என்ற வினாப்பட்டியலும் இந்தச் சொற்களைத்தான் நாடுகிறது. எரிச்சல், வலிக்கும் அளவுக்குக் குளிர்ச்சி, மின்னதிர்ச்சி, ஊர்தல், ஊசி குத்துதல், மரத்தல், அரிப்பு என்று ஏழு கேள்விகள். தொடுவுணர்வு குறைவு, குத்துணர்வு குறைவு, வருடினால் வலி என்று மூன்று சோதனைகள். பத்தில் நான்கோ அதற்கு மேலோ வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதை ஒரு தாளில் தமிழில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நோயாளி தம் சொந்தச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகே அந்தத் தாளைப் பார்ப்பேன், முதலிலேயே "எரிச்சலா இருக்கா?" என்று கேட்டால், டாக்டரிடம் இல்லை என்று சொல்லத் தயங்கி எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

சொல்லைக் கேட்ட பிறகு இடத்தைக் கேட்க வேண்டும். வாயால் சொல்லச் சொல்லாமல், ஒரு விரலால் தோலின் மீது எல்லையை வரைந்து காட்டச் சொல்கிறேன். இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் சாக்ஸ் போட்டாற்போல் எல்லை வந்தால் சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, குடி, சிறுநீரகக் கோளாறு, மருந்துகள் என உடல் முழுவதையும் தாக்கும் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கையில், ஒரு காலில், முகத்தின் ஒரு பக்கத்தில் என்று வந்தால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு நகரக் கூடாது. இந்த ஒரு பாகுபாடு என்னைப் பல தவறுகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பரிசோதனைக்கு எனக்கு ஆறேழு நிமிடங்கள் ஆகின்றன. பஞ்சு, ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் குண்டூசி, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் இழை, குதிகால் அனிச்சையைப் பார்க்கும் சுத்தியல் ஆகியவை போதும். இழையை முதலில் நோயாளியின் கன்னத்திலோ முன்கையிலோ தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில், காய்ப்பு இல்லாத இடங்களில், அது வளையும் அளவுக்கு அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்தாமலேயே இடையிடையே "இப்போ தெரியுதா?" என்று கேட்டால், ஊகித்துச் சொல்கிறவர்களைக் கண்டுகொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளிடம் மெல்லிய நரம்பிழைகள் மட்டும் முதலில் பழுதாவதும் உண்டு. அவர்களுக்கு இசைக்கவை, அனிச்சை எல்லாம் சரியாக இருக்கும். நரம்புக் கடத்தல் சோதனையும் சரியாகவே வரும், ஏனெனில் அது தடித்த இழைகளை மட்டுமே அளக்கிறது. பெருந்தொகை செலவழித்து அந்தச் சோதனையைச் செய்துகொண்டு "எல்லாம் நார்மல்" என்ற தாளுடன் எரியும் காலோடு திரும்பி வந்தவர்களிடம், உங்கள் வலி பொய்யில்லை என்று சொல்வதே அவர்களுக்குத் தரும் முதல் மருந்து.

ஒரு பக்கத்து வலி பற்றிச் சொன்னேன். தறி ஓட்டும் 30 வயதுத் தம்பி ஒருவர் வலக்கைச் சுண்டுவிரல் பக்கம் எரிச்சலோடு வந்தார். வெளியே ஓரிடத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதல் என்று கண்டு, சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என எழுதி, மூன்று மாதமாகப் பிரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னேன். முழங்கைக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, நிறம் வெளுத்த தேமல் ஒன்று. அதன் மேல் பஞ்சு பட்டால் தெரியவில்லை. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தால், சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு தாம்புக்கயிறு போல் உருண்டது. அழுத்தியதும் முகம் சுளித்தார். அது தொழுநோய். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005 டிசம்பரில் எட்டியதாக நாடு அறிவித்த பிறகு, தொழுநோய் என்ற எண்ணமே மருத்துவர்களின் மனத்திலிருந்து நழுவத் தொடங்கியது; நோய் நழுவவில்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நரம்பில் வலியும் வீக்கமும் இருந்தால் அது அவசரம்: சில வாரங்களில் விரல்கள் மடங்கிப்போகும். அதைத் தடுப்பது தகுந்த கண்காணிப்போடு கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துதான், பிரீகாபலின் அன்று. மறுநாளே அவரை வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினேன். கை பிழைத்தது, இன்னும் தறியில்தான் இருக்கிறார். அதன் பின் நரம்பு வலி என்று வரும் எல்லோருக்கும் முழங்கைக்குப் பின்னாலும், முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழேயும் நரம்பைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

பீடி சுற்றும் பெண்களிடம் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகும் கதையை அடிக்கடி கேட்கிறேன். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடுவதன் அடையாளம் அந்த உதறல். தைராய்டு பரிசோதனை, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, வேலைக்கு இடையே ஓய்வு ஆகியவற்றிலேயே பலருக்குக் குறைகிறது. கட்டைவிரல் அடிச்சதை மெலியத் தொடங்கியிருந்தால் காத்திருக்காமல் அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிவதாகச் சொல்லி, முதுகுக்கு எம்ஆர்ஐ வரை எடுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பழக்கம்தான் காரணமாக இருந்தது. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தோலுக்கு வரும் நரம்பு அங்கே நெரிகிறது. நாடாவைத் தளர்த்தி, கொஞ்சம் எடையும் குறைத்த பிறகு இரண்டு மாதத்தில் தணிந்தது. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைப் பற்றி இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துவிட்டாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

முகத்து வலியில் நேரும் இழப்பு வேறு விதமானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வலக் கன்னத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலிக்காக மூன்று கடைவாய்ப் பற்களை வெவ்வேறு இடங்களில் பிடுங்கிக்கொண்ட பிறகு என்னிடம் வந்தார். ஒரு பக்கம் மட்டும் தாடி வளர்ந்திருந்தது. கத்தி பட்டால், தண்ணீர் பட்டால், சோற்றை மென்றால், விசிறிக் காற்று பட்டால்கூடச் சில நொடிகள் உயிர்போகும் வலி, பிறகு ஒன்றுமில்லை. முப்பிரி நரம்பு வலிக்கு இதைவிடத் தெளிவான வருணனை கிடைக்காது. கார்பமசிபின் 100 மில்லிகிராம் இரு வேளை என்று தொடங்கினேன்; மூன்றாம் நாள் தொலைபேசியில் "இட்லி சாப்பிட்டேன் டாக்டரம்மா" என்றார். இந்த மருந்தைத் தொடங்கும்போது தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதை வீட்டார் ஒருவரிடமும் கட்டாயம் சொல்கிறேன். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ள ஆசிய மக்களுக்கு உயிருக்கே ஆபத்தான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரக்கூடும். வசதி உள்ள இடத்தில் முன்கூட்டியே அதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைவதையும் கவனிக்க வேண்டும். இளவயதில் இந்த வலி வந்தாலோ, முகம் மரத்திருந்தாலோ மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்காமல் விடக் கூடாது.

அக்கி வந்தால் எங்கள் பக்கத்தில் இன்றும் மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்கிறார்கள். நான் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை. கடிந்தால் அடுத்த முறை என்னிடம் வரமாட்டார்கள். "எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க, புண்ணு மேல மட்டும் வேண்டாம், ஆனா கொப்புளம் தெரிஞ்ச மூணு நாளைக்குள்ள இங்கேயும் வந்துடுங்க" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து முறை வீதம் ஏழு நாள் கொடுத்தால் அக்கி சீக்கிரம் ஆறுகிறது. கண்ணைச் சுற்றி வந்தால் அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். புண் ஆறிய பின்னும் மூன்று மாதத்துக்கு மேல் அதே பட்டையில் எரிச்சல் நீடித்தால் அது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. சட்டை போட முடியாமல் துண்டோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களை இதில் பார்த்திருக்கிறேன். 50 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதையும், அதன் விலை எளியவர்களுக்கு எட்டாததாக இருக்கிறது என்பதையும் வருத்தத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு கால்களும் எரிகிறவர்களுக்கு நான் முதலில் எழுதும் பரிசோதனைகள் சில: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி), இரத்த அணுக்கள், பி12, கிரியேட்டினின், தைராய்டு. கதையைப் பொறுத்து எச்ஐவியும் கல்லீரலும் சேரும். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுக்கிறார்களா, அதோடு பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்த்து எடுக்கிறார்களா, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டார்களா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. குடியைப் பற்றி மனைவியின் முன்னால் கேட்காமல் தனியே கேட்கிறேன். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுத்தால் பி12 குறையும் என்பது நன்கு தெரிந்த செய்தி. ஆனால் சிவப்பு நிற நரம்பு ஊசியை ஏற்கெனவே போட்டுக்கொண்டு வருகிறவரின் இரத்தத்தில் பி12 நிறைந்தே தெரியும், உண்மையான குறைவு மறைந்துவிடும். அதனால் இரத்தம் எடுத்த பிறகே ஊசி என்பது இப்போது என் கிளினிக்கின் விதி. பி12 குறைவு இருந்தால் அது நல்ல மருந்து. குறைவு இல்லாதவருக்கு அந்த ஊசி எரிச்சலைத் தணிக்கும் என்று நான் இப்போது நம்புவதில்லை. நானே பல ஆண்டுகள் அப்படிப் போட்டிருக்கிறேன்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே எரிச்சல் தொடங்கியது என்று சிலர் வருவார்கள். இதையும் நம்ப வேண்டும். 42 வயதுக் கடைக்காரர் ஒருவருக்குச் சராசரி 13-லிருந்து இரண்டு மாதத்தில் 7.4-க்கு இறங்கியது, எல்லோரும் மகிழ்ந்த வேளையில், தொடை முதல் பாதம் வரை தீப்பட்டாற்போல் எரிய ஆரம்பித்தது. இன்சுலின்தான் காரணம் என்று நிறுத்திவிட்டு வந்தார். 1933-லேயே இது இன்சுலின் நரம்பழற்சி என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் குற்றவாளி இன்சுலின் அன்று, மூன்று மாதத்துக்குள் சராசரி இரண்டு புள்ளிக்கு மேல் வேகமாக இறங்குவதுதான். மாத்திரைகளால் இறங்கினாலும் வரும். கண்ணின் விழித்திரையும் அதே வேகத்தில் கெடக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் வேண்டும். அவருக்கு இன்சுலினைத் தொடர்ந்து, வலிக்கு மருந்து சேர்த்து, ஓராண்டுக்குள் வலி அடங்கியது. இப்போது நீண்ட காலம் கட்டில்லாத சர்க்கரையோடு வருகிறவர்களை மெல்ல மெல்லத்தான் இறக்குகிறேன்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது எதிர்பார்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நரம்பு வலிக்கான எந்த மாத்திரையும் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. 2015-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறத்தாழ நான்கு பேருக்கும், டுலாக்ஸிடின் வகையை ஆறேழு பேருக்கும், பிரீகாபலினை எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே "இந்த மாத்திரை ரெண்டு வாரத்திலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள வலியைப் பாதியாக்கணும், உங்களைத் தூங்க வைக்கணும், ஆகலைன்னா மாத்திப் பார்ப்போம், கைவிட மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பாதியாகக் குறைவதே நம் இலக்கு என்று முன்பே தெரிந்தவர் அதில் நிறைவடைகிறார். தெரியாதவர் பத்தாம் நாள் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார்.

அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஏற்றுகிறேன். படுக்கப் போகும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போடச் சொன்னால் காலை மந்தம் குறைகிறது. விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடிக்க வேண்டிய பெண்களுக்கு இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் மிகவும் முக்கியம். இதய நோய், சிறுநீர் அடைப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கிறேன்; வயதானவர்களுக்கு இசிஜி எடுத்துப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். அவர்களில் பலருக்கு டுலாக்ஸிடின் 30-இல் தொடங்கி 60 வரை பொருந்தும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கும், கல்லீரல் நோயாளிகளுக்கும், கண் அழுத்த நோய் கட்டுப்படாதவர்களுக்கும் அது ஆகாது. பிரீகாபலினை இரவில் 75 என்று தொடங்கி, கிரியேட்டினினைப் பார்த்தே ஏற்ற வேண்டும். தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பாட்டிக்கு நாம் செய்தது சிகிச்சையாகாது. தூக்க மாத்திரை, மது, ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றுடன் சேர்ந்தால் மூச்சையே தளர்த்திவிடும். சீட்டு இல்லாமல் கடையில் தொடர்ந்து வாங்கிப் பழகிவிடுகிறவர்களும் உண்டு. நிறுத்தும்போது ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எதை முதலில் கொடுப்பது என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். சர்க்கரையால் வந்த நரம்பு வலி உள்ள 130 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வில், மூன்றில் எதை முதலில் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதபோது இரண்டாவதைச் சேர்த்தால் கூடுதல் பலன் கிடைத்தது. ஆகவே நோயாளிக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, தூக்கம் எப்படி, பணம் எவ்வளவு என்பவற்றைப் பார்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன். அமிட்ரிப்டிலின் மிக மலிவு. அதில் ஒரு தடை மட்டும் உண்டு: கடையில் யாராவது "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கறதாச்சே" என்று சொல்லிவிட்டால் அன்றோடு மாத்திரை நின்றுவிடும். அந்தச் சொல் காதில் விழுவதற்கு முன்பே, இதே மருந்து அதிக அளவில் மனச்சோர்வுக்கும் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் பயன்படுகிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

எரிச்சலைத் தணிக்க வெந்நீரில் காலை வைப்பது நம் வீடுகளில் பழக்கம். உணர்வு குறைந்த காலுக்கு அது பெரும் ஆபத்து; கொப்புளம் வந்த பிறகே தெரியும். 1946-இல் வேலூருக்கு வந்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அரித்துப் போவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே தேய்ந்து போகின்றன என்று எங்கள் மாவட்டத்திலிருந்துதான் உலகுக்குக் காட்டினார். அந்தக் கால்களுக்குப் பயன்பட்ட, மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன எம்சிஆர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. ஒன்றும் தெரியவில்லை என்று வராமலே இருக்கிறவர்களைப் பற்றித்தான் கவலை.

பெரியம்மாவுக்கு டைக்ளோஃபெனாக்கை முற்றிலும் நிறுத்தினேன். இசிஜி பார்த்து அமிட்ரிப்டிலின் 10-இல் தொடங்கி 20 வரை ஏற்றினேன். ஆறாவது வாரம் இரவில் 75 பிரீகாபலினைச் சேர்த்தேன். நான்கு மாதத்தில் கிரியேட்டினின் 1.2-க்கு இறங்கியது, பழைய அளவுக்குத் திரும்பவில்லை. என் மருந்தால் நேர்ந்தது அது என்று அவரிடமும் மகளிடமும் சொன்னேன். "நீங்கதானே கண்டுபிடிச்சீங்க" என்று சொல்லிவிட்டார் பெரியம்மா. பத்தில் ஒன்பதாக இருந்த எரிச்சல் நான்காகியது. மார்கழி மாதத்தில் வந்தபோது, இரவு போர்வை போர்த்திக்கொண்டு படுத்ததாகச் சொன்னார்.

அன்று தம் தங்கையையும் கூட்டிவந்திருந்தார். "இவளுக்கும் சக்கரை இருக்குது. இவ காலையும் ஒருதரம் பார்த்துடுங்கம்மா" என்றார். தங்கைக்கு அதில் விருப்பமில்லை. "எனக்கு எரிச்சலும் இல்லை, வலியும் இல்லை. பஞ்சு மேல நடக்கற மாதிரி மெத்துன்னுதான் இருக்குது" என்றார். செருப்பைக் கழற்றி மேலே ஏறிப் படுக்கச் சொன்னேன். பத்து இடங்களில் ஒன்றில்கூட இழை தெரியவில்லை. வலது முன்பாதத்தின் அடியில் கறுத்த புள்ளி ஒன்றைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தது. கீழே கிடந்த அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்; அடியிலிருந்து குத்தி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆணி. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. காயத்தைக் கழுவி, எலும்பு வரை போகவில்லை என்று பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டு, எம்சிஆர் செருப்புக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தேன். அந்த ஆணியை அக்காதான் பிடுங்கி எடுத்து, காகிதத்தில் மடித்து, தங்கையின் கையில் கொடுத்தார்.